பாய்மரப் படகில் இருவர்: பையோனா துறைமுகம் பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், வீகோ நகரத்துக்குத் தெற்கே உள்ள சின்னத் துறைமுக ஊர் பையோனா. வடக்கிலிருந்து போர்ச்சுகல், கேனரித் தீவுகள் என்று இறங்கும் பாய்மரப் படகுகள் பல இங்கே நின்று போகின்றன. கணவன் மனைவியாக இருவர் மட்டும் படகோட்டி வருபவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து 11 மீட்டர் படகில் கேனரித் தீவுகளுக்குப் போகிறோம். பையோனாவுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?

போதாது, குறைந்தது நான்கு நாள் வையுங்கள். ஃபால்மத்திலிருந்து பிஸ்கே விரிகுடாவைக் கடந்து ஆ கொருன்யா சேர ஏறத்தாழ 450 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல், அதாவது 5 நாட் வேகம் என்றால் 90 மணி நேரம். இருவர் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிக் காவல் இருந்தால், ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதன் பிறகு ஃபினிஸ்டெர்ரே முனையைச் சுற்றிப் பையோனா வர இன்னும் சுமார் 120 கடல் மைல். ஊர் வந்து சேர்ந்த முதல் நாள் தூக்கத்திலேயே போய்விடும், அதுதான் சரியும்கூட. இரண்டாம் நாள் படகுக்கு. மூன்றாம் நாள்தான் உங்களுக்கு. நான்காவது நாள் காற்றுக்கு.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கரையில் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு 'நொர்த்தாடா' என்று பெயர். நம் வாடைக்காற்று குளிர்காலத்தது. இது வெயில் காலத்து வாடை. அசோர்ஸ் தீவுகளின் பக்கம் உயரழுத்தமும், வெயிலில் காயும் ஸ்பெயின் நிலப்பரப்பின் மேல் தாழ்வழுத்தமும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. காலையில் சாதுவாக இருந்து, பிற்பகலில் 20 முதல் 30 நாட் வரை ஏறும். தெற்கே போகிறவர்களுக்கு இது முதுகுக் காற்று, நல்லதுதான். ஆனால் கோடை முடிகிற சமயம் அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வு மண்டலங்கள் வந்தால் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். அப்போது கட்டிய கயிற்றை அவிழ்க்காதீர்கள். தென்மேற்கிலிருந்து பையோனாவுக்கு நல்ல மறைவு உண்டு. கேனரித் தீவில் விமானம் பிடிக்க நாள் குறித்துவிட்டு வருகிறவர்கள்தான் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். விமானச் சீட்டைப் பிறகு வாங்குங்கள்.

இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். பிரிட்டனில் வேலை பார்க்கிறோம். படகு பிரிட்டனில் பதிவானது. நேராகப் பையோனா போய் இறங்கலாமா?

நேராக இறங்காதீர்கள். ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதி, அதன் எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் குடியேற்றச் சோதனை நடக்கும் துறைமுகத்தில்தான் முதலில் கணக்கில் வர வேண்டும். ஆ கொருன்யாவும் வீகோவும் அப்படிப்பட்டவை. ஆ கொருன்யாவில் வேலையை முடித்துக்கொண்டு வந்தால் பையோனாவில் நிம்மதியாக இருக்கலாம்.

பிரிட்டனில் வசிக்கும் உரிமை ஷெங்கன் விசாவுக்கு ஈடாகாது. பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். விமானச் சீட்டு இல்லாததால், படகின் பதிவுச் சான்று, காப்பீடு, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற பயணத் திட்டம் ஆகியவற்றைக் கடிதமாக இணையுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். போர்ச்சுகலும் ஷெங்கன், மதேய்ராவும் ஷெங்கன், கேனரித் தீவுகளும் ஷெங்கன். அங்கே போய்விட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். செப்டம்பர் 1 அன்று நுழைந்தால், விசாவும் முழு 90 நாளைக் கொடுத்திருந்தால், நவம்பர் 29 கடைசி நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். 2025 அக்டோபரிலிருந்து விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிகிற முறை படிப்படியாக வந்திருப்பதால், தப்புக்கணக்கு உடனே தெரிந்துவிடும்.

படகின் கணக்கு வேறு. உரிமையாளர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், வெளிநாட்டுப் படகு வரி கட்டாமல் 18 மாதம் வரை இருக்கலாம். அதனால் படகை விட்டுவிட்டு நீங்கள் ஊர் போய் வரலாம்.

நுழையும்போது மஞ்சள் கொடி. சோதனை முடிந்ததும் அதை இறக்கிவிட்டு, வலப்பக்கம் ஸ்பெயின் கொடியை ஏற்றுங்கள். பாஸ்போர்ட், படகுப் பதிவு, வரி கட்டிய சான்று, காப்பீடு, வானொலி உரிமம், படகோட்டும் தகுதிச் சான்று, ஆள் பட்டியல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். காப்பீட்டின் ஸ்பானிய மொழிப் பிரதியைக் கம்பெனியிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் பையோனாவுக்குள் நுழையலாமா?

நல்ல வானிலையில், வழிகாட்டு விளக்குகளை வரைபடத்தோடு ஒப்பிடத் தெரிந்தவர்களுக்கு முடியும். முதல் தடவை வருகிறவர்கள் விடியும் வரை வெளியே காத்திருப்பது மேல். தெற்கே சிலேய்ரோ முனையிலிருந்து பாறைகள் கடலுக்குள் நீள்கின்றன. வடக்கே எஸ்தேலாஸ் தீவுகளையும் செர்ரல்யெய்ராஸ் பாறைகளையும் சுற்றி அலை உடைகிறது. முனையை ஒட்டித் திரும்பி நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

பக்கத்து ரியாக்களுக்குள், அதாவது கடல் உள்ளே புகுந்த நீண்ட முகத்துவாரங்களுக்குள் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே மஸல் சிப்பி வளர்க்கும் 'பத்தேயா' மிதவைகள் வரிசை வரிசையாக நிற்கும். யூகலிப்டஸ் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மேடை. ஒவ்வொன்றும் 500 சதுர மீட்டர் வரை, அதிலிருந்து 12 மீட்டர் நீளக் கயிறுகள் 500 வரை தொங்கும். கலீசியா முழுக்க இப்படி 3,000-க்கு மேல் உண்டு. இருட்டில் இவை கண்ணுக்கு எளிதில் படாது. நொர்த்தாடா கரையோர மேல்நீரைக் கடலுக்குத் தள்ள, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சிப்பி கொழிப்பதும் அதனால்தான், ஆகஸ்டில் திடீரென்று மூடுபனி இறங்குவதும் அதனால்தான்.

மரீனாவில் (உல்லாசப் படகுகள் கட்டும் துறையில்) படகு கட்டும் நேரத்தில்தான் எங்களுக்குள் சண்டை வருகிறது. இருவர் மட்டும் இருந்தால் எப்படிக் கட்டுவது?

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: எந்தக் கயிறு முதலில் என்று பேசி வைக்காதது. அதைத் திறந்த நீரில், வேகம் குறைத்து நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். மரீனாவை வானொலியில் கூப்பிட்டு எந்தப் பக்கம் கட்ட வேண்டும், மிதவை மேடையா, லேஸி லைனா (கடலடியில் பிணைத்த கயிறா) என்று கேளுங்கள். ஸ்பானிய மரீனாக்கள் பெரும்பாலும் 9-ஆம் அலைவரிசையில் கேட்கும். சில வேறு எண் வைத்திருக்கும், கையேட்டில் பாருங்கள்.

மிதவை மேடை என்றால் முதல் கயிறு நடுக்கயிறு. படகின் நடுப்பக்கக் கிளீட்டில் (கயிறு சுற்றிக் கட்டும் கொம்புக் கட்டை) ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நடுவில் நிற்க வேண்டும், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் அல்ல. படகு மேடையைத் தொட்டதும் குதிக்காமல் இறங்கி, படகின் பின்பக்கத்துக்கு நேராக மேடையில் உள்ள கிளீட்டில் அதை மாட்டுங்கள். அதாவது கயிறு பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் எஞ்சினை மெதுவாக முன்னோக்கிய கியரில் விட்டு, சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பட்டும். கயிறு இறுகும், படகு மேடையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அதன் பிறகு எஞ்சின் படகைப் பிடித்துக்கொள்ள, முன் கயிறு, பின் கயிறு, எதிர்ச் சாய்வில் இன்னொரு நடுக்கயிறு என்று நிதானமாகக் கட்டலாம். காற்று மேடையிலிருந்து வெளியே தள்ளினாலும் இது வேலை செய்யும்.

எங்கே தவறும்? அணியக் கயிற்றோடு குதித்து அதை முதலில் இறுக்கினால், முன்பகுதி மாட்டிக்கொள்ள, பின்பகுதி காற்றில் விரிந்து பக்கத்துப் படகில் இடிக்கும். நடுக்கயிற்றை முன்னோக்கிச் சாய்வாகக் கட்டினால், முன் கியரில் அது தொய்ந்துபோய் படகு மேடையின் தலைப்பில் முட்டும். கயிற்றைக் கையால் இழுத்து நிறுத்தப் பார்ப்பது மூன்றாவது தவறு. ஆறேழு டன் படகை மனிதக் கை நிறுத்தாது. கிளீட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிளீட் நிறுத்தும்.

லேஸி லைன் இருக்கும் இடத்தில் முறை வேறு. கடலடிச் சங்கிலியோடு பிணைத்த கயிறு ஒன்று கரைமேடை வரை வந்து கட்டப்பட்டிருக்கும். பின்னோக்கி நுழைந்து, காற்று வரும் பக்கத்துப் பின் கயிற்றை முதலில் கட்டுங்கள். கொக்கிக்கழியால் லேஸி லைனை எடுத்து, படகின் வெளிப்பக்கமாகவே அணியம் வரை கொண்டுபோய் இறுக்குங்கள். அந்தக் கயிறு நீரில் தொய்ந்து கிடக்கும் வரை புரொப்பல்லர் சுற்றக் கூடாது. சுற்றினால் கயிறு சிக்கும், முக்குளிப்பவரைத் தேட வேண்டியதுதான். தடித்த கையுறை போடாமல் தொடாதீர்கள். கயிற்றில் ஒட்டியிருக்கும் கொட்டலசு உள்ளங்கையைப் பிளேடு போலக் கிழிக்கும்.

மிதவை மேடை ஏற்றவற்றத்தோடு கூடவே ஏறி இறங்கும், கயிறு நீளம் மாற்ற வேண்டியதில்லை. மீன்பிடித் துறையின் கல்சுவரில் கட்ட நேர்ந்தால் மட்டும் கவனம்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் மாறும்.

ஒரே ஒரு யோசனை: எஞ்சின் சத்தத்தில் கத்திக்கொள்வதற்குப் பதில் நான்கு கைச்சைகை போதும். முன்னே, பின்னே, நியூட்ரல், கட்டியாயிற்று.

மரீனாக் கட்டணத்தைத் தவிர்க்க நங்கூரம் போடலாமா? எவ்வளவு சங்கிலி விடுவது?

போடலாம். அலைதடுப்புக்குக் கிழக்கே, மிதவைகளுக்கும் போக்குவரத்து வழிக்கும் விலகி இடம் பாருங்கள். வற்றத்தில் ஆழம் 4 மீட்டர், ஏற்றத்துக்கு 3.5, நீர்மட்டத்திலிருந்து அணிய உருளை 1 மீட்டர்: மொத்தம் 8.5. முழுச் சங்கிலி என்றால் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 34. 35 முதல் 40 மீட்டர் விடுங்கள். சங்கிலியும் கயிறும் கலந்திருந்தால் ஏழு மடங்கு. வற்றத்தில் வந்து, கண்ணுக்குத் தெரிந்த ஆழத்தை மட்டும் கணக்கிட்டு 20 மீட்டர் விடுகிறவர்களுடைய படகுதான் நள்ளிரவு ஏற்றத்தில் நகரும்.

போட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஏற்றி அரை நிமிடம் இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு விளக்குக் கம்பம், அதன் பின்னே ஒரு வீட்டு மூலை என்று, குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் நின்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது. பகலில் கறுப்புப் பந்து, இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு.

கரை மின்சாரம், சமையல் எரிவாயு இரண்டும் பிரிட்டன் போலவேதானா?

மின்சாரம் ஏறக்குறைய அப்படியே. 230 வோல்ட், 16 ஆம்பியர், நீல நிற மூன்று முனைப் பிளக். 25 மீட்டர் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். 2,000 வாட் கெட்டிலும் 2,000 வாட் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் 17 ஆம்பியர் தாண்டும், பிரேக்கர் விழும். பிரேக்கர் பெட்டி பூட்டியிருந்தால் விடியும் வரை இருட்டுதான். மிச்சக் கேபிளைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை இளகும். பிளக்கைக் கழற்றும்போது அதன் பித்தளை முனைகளைப் பாருங்கள். பழுப்பு நிறமோ, கருகிய ஓரமோ தெரிந்தால் தளர்ந்த இணைப்பு, தீ பிடிக்கும் இடம் அது. துருவியெடுத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். பல நாள் இணைத்தே வைப்பதானால் பூமிக் கம்பியில் ஓடும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளோடு பூமிக் கம்பி வழியாக மின்னோட்டம் ஓடி உங்கள் படகின் உலோகங்களை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாக ஆனோடு கரையும்.

எரிவாயுதான் வேறு. பிரிட்டனில் வாங்கிய காலர் கம்பெனி உருளையை ஸ்பெயினில் மாற்றித் தர மாட்டார்கள். கேம்பிங் காஸ் நீல உருளை, 907 எண், 2.75 கிலோ பியூட்டேன், ஐரோப்பா முழுக்கக் காலிக்கு முழுசு மாற்றலாம். அதற்கான ரெகுலேட்டரைக் கிளம்பும் முன்பே பொருத்திவிடுங்கள். இருவருக்குச் சோறு, குழம்பு, மூன்று வேளைத் தேநீர் என்று நாளைக்கு 120 முதல் 150 கிராம் செலவானால் ஓர் உருளை ஏறக்குறைய மூன்று வாரம் வரும். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நீளும். மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும், மூக்குக்கு எட்டாது.

நான் சைவம், கணவர் மீன் சாப்பிடுவார். ஊரில் என்ன கிடைக்கும்?

கணவருக்குக் கவலையில்லை. கலீசியாவின் பேர்பெற்ற ஆக்டோபஸ் தட்டை அவசியம் சாப்பிடட்டும். வெந்த கால்களைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் காசு காசாக வெட்டி, வட்ட மரத்தட்டில் விழவைத்து, கல் உப்பு, சிவப்பு மிளகாய்த் தூள், ஆலிவ் எண்ணெய் என்று தூவித் தருவார்கள். மரத்தட்டு எண்ணெயையும் நீரையும் உறிஞ்சிக்கொள்வதால் துண்டுகள் நீர்த்துப்போகாமல் இருக்கும். முள்கரண்டி இல்லை, பல்குத்தும் குச்சிதான்.

உங்களுக்கு எச்சரிக்கை தேவை. 'கால்தோ காயேகோ' என்ற சூப்பில் கீரையும் வெள்ளை அவரையும் உருளைக்கிழங்கும்தான் கண்ணுக்குத் தெரியும். அதன் மணமே பதப்படுத்திய பன்றிக் கொழுப்பிலிருந்து வருகிறது. 'என்சலாதா மிஸ்தா' என்ற கலவைச் சாலட்டில் சூரை மீன் போடுவார்கள். எம்பனாதா என்ற பூரணம் வைத்த பணியாரத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். 'சைவம்' என்று மட்டும் சொல்லாமல் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றையும் தனித்தனியே மறுத்துச் சொல்லுங்கள். நம்பிக் கேட்கக்கூடியது பத்ரோன் மிளகாய்: சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல் உப்புத் தூவுவது. பெரும்பாலானவை காரமில்லை, இடையில் ஒன்று சுரீரென்று இருக்கும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தோர்த்தியா என்ற தடித்த ஆம்லெட் உண்டு.

மதிய உணவு ஒன்றரைக்குமேல், இரவு உணவு ஒன்பதுக்குமேல். சின்னக் கடைகள் இரண்டு முதல் ஐந்து வரை அடைத்திருக்கும், ஞாயிறு பெரும்பாலும் மூடல். சனிக்கிழமை மாலை வந்து சேர்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாவற்றையும் கிளம்பும் இடத்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஓர்கா திமிங்கிலங்கள் சுக்கானை உடைக்கின்றனவாமே?

உண்மைதான். 2020 முதல் ஐபீரியக் கரையோரம் வாழும் ஒரு சிறு கூட்டத்தின் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டுகின்றன. சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. ஜிப்ரால்டர் பக்கம் வசந்தத்திலும் கோடையிலும், கலீசியாப் பக்கம் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் நடமாட்டம் அதிகம். கிளம்பும் முன் அண்மைச் சந்திப்புகளின் வரைபடத்தைப் பாருங்கள். பாதுகாப்பு இருக்குமானால் கரையோரம் 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போங்கள். சந்தித்துவிட்டால் நிற்காதீர்கள், எஞ்சினைப் போட்டு ஆழம் குறைந்த பக்கம் நகருங்கள். சுக்கான் சக்கரத்தை இறுகப் பிடிக்க வேண்டாம், முட்டும்போது அது சுழன்று கையை முறிக்கும். 16-ஆம் அலைவரிசையில் மீட்புப் படைக்குச் சொல்லுங்கள். பட்டாசு எறிவது, குத்துவது எல்லாம் சட்டவிரோதம். மிக அருகிவரும் கூட்டம் அது.

சியெஸ் தீவுகளில் நங்கூரமிட அனுமதி வேண்டுமா?

வேண்டும். வீகோ விரிகுடாவின் வாயில் இருக்கும் அந்தத் தீவுகள் 2002 முதல் தேசியப் பூங்கா. படகுக்கான அனுமதி ஒன்று, பிறகு எந்தத் தேதி என்ற அனுமதி இன்னொன்று, இரண்டும் இணையத்தில். முதலாவதை வீட்டிலிருந்தே வாங்கிவிடுங்கள். தீவில் குப்பைத்தொட்டி கிடையாது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிழக்குப் பக்கக் கடற்கரை எதிரே நங்கூரமிட்டால் மேற்குக் காற்றுக்கு மறைவு. கிழக்குக் காற்று வந்தால் உடனே கிளம்புங்கள்.

ஊரில் ஒரே ஒரு நாள் கிடைத்தால்?

காலையில் மோந்தெரியால் கோட்டையைச் சுற்றி மதிலடிப் பாதையில் நடங்கள், ஏறக்குறைய 2 கிலோமீட்டர். பிறகு துறையில் மிதக்கும் பிண்டாவின் மாதிரிக் கப்பல். கொலம்பஸோடு போன பிண்டா, மார்ட்டின் அலொன்சோ பின்சோன் தலைமையில் 1493 மார்ச் 1 அன்று இந்தத் துறைக்குத்தான் திரும்பியது. அமெரிக்கச் செய்தி ஐரோப்பாவில் முதலில் இறங்கியது இங்கே. உள்ளே ஏறி நின்று பாருங்கள். உங்கள் 11 மீட்டர் படகில் இருவருக்கு இருக்கும் வசதி, அதில் இருபத்துச் சொச்சம் பேருக்கு இல்லை. மாலையில் குன்றின்மேல் 15 மீட்டர் உயரக் கருங்கல் மாதா சிலை. உள்ளே படியேறி, அவள் கையில் ஏந்திய கல்படகில் நின்றால் நாளை போக வேண்டிய கடல் முழுக்கத் தெரியும்.

தெற்கே கிளம்பும்போது கவனிக்க வேண்டியது?

விடிந்தபின் கிளம்புங்கள். போர்ச்சுகல் கரை நெடுக மீனவர்களின் கூண்டுக் கயிறுகள் மிதக்கும். மிதவைகள் சில சமயம் வெறும் பிளாஸ்டிக் டப்பா, அதுவும் கறுப்பில். கயிறு புரொப்பல்லரில் சிக்கினால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். பின்னோக்கிச் சுற்றி அவிழ்க்கப் பார்த்தால் இன்னும் இறுகும். வியானா தோ காஸ்தெலோ ஒரு நாள் தூரம். அதைத் தாண்டினால் லெய்ஷோன்ஸ், ஏறக்குறைய எந்த வானிலையிலும் நுழையக்கூடியது. எல்லையில் உள்ள மின்யோ ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு, அலை உடையும். வழியில் நுழைந்து பார்க்கலாம் என்று திரும்பாதீர்கள்.

போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்னால். ஏற்றவற்ற அட்டவணை உலகப் பொது நேரத்தில் அச்சாகியிருந்தால், கோடையில் பையோனாவுக்கு இரண்டு மணியும் வியானாவுக்கு ஒரு மணியும் கூட்டுங்கள். கூட்டிய நேரத்தைப் பென்சிலால் அட்டவணையிலேயே முதல் நாள் இரவு எழுதிவிடுங்கள்.